ஏர் கன்னுக்கு ஏற்ற ரவை எது?



கும்பப்பூ அறுத்தடிப்பு முடிந்து நெல் பத்தாயத்துக்குள் போய்விட்டால் நமக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. எலிக்கு அப்போதுதான் விருந்து ஆரம்பம். பொறி வைக்கிறோம், மருந்து வைக்கிறோம், பூனை வளர்க்கிறோம். சில வீடுகளில் இதோடு ஒரு ஏர் கன்னும் சுவரில் சாத்தியிருக்கும். காற்றுத் துப்பாக்கி என்று சொல்வோமே, அதுதான். வாங்கின புதிதில் நாலு நாள் எல்லாரும் எடுத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். ஒன்றும் விழாது. "இது பிள்ளைகளுக்கு விளையாடத்தான் லாயக்கு" என்று மூலையில் போட்டுவிடுவார்கள். குறை துப்பாக்கியில் இல்லை, அதில் போடுகிற ரவையில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை. இன்றைக்கு அந்த ரவையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு தென்னை விளைக்குப் போயிருந்தேன். விளைக்காரர் வயதில் மூத்தவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பேச்சுவாக்கில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"சார், இதுக்குக் கொடுத்த ரூவா தண்டமாக்கும். பத்தாயப்புரைத் திண்ணையில எலி உக்காந்திருக்கு, நான் இங்கிட்டு நிக்கேன், இருபதடிகூட இல்ல. சுட்டா சுவத்துல படுது. அடுத்தது தரையில படுது. எலி என்னையப் பாத்துச் சிரிச்சிட்டுப் போவுது."

துப்பாக்கியை மடக்கி, அவர் டப்பாவிலிருந்து ஒரு ரவையை எடுத்துக் குழல் வாயில் வைத்தேன். விரலால் தள்ளவே இல்லை. அது தானாகவே வழுக்கி, உள்ளே அரை அங்குலம் போய்விட்டது. "அண்ணாச்சி, உங்க துப்பாக்கி நல்ல துப்பாக்கி. ரவைதான் அதுக்குச் சேரல" என்றேன். அவர் நம்பவில்லை. "டப்பாவுல 4.5-னு போட்டிருக்கு, துப்பாக்கியிலயும் 4.5-னு அடிச்சிருக்கு. அப்புறம் எப்படிச் சேராமப் போவும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், ரவை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு ரவையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உடுக்கை மாதிரி இருக்கும். நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். முன்பக்கம் கெட்டியான தலை. பின்பக்கம் உள்ளே குடைந்த மெல்லிய பாவாடை. இந்த இரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு. நல்ல குழலின் உள்ளே திருகு திருகாக வரி வெட்டியிருப்பார்கள். தலை அந்த வரிகளின் மேட்டைத் தொட்டுக்கொண்டு, ஆடாமல் நேராக ஓடவேண்டும். பாவாடை, பின்னாலிருந்து வருகிற காற்றின் அழுத்தத்தில் விரிந்து வரிகளில் பதிந்து, காற்று ஒழுகாமல் அடைத்துக்கொள்ள வேண்டும். அப்போது ரவை வரியோடு சேர்ந்து பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டு வெளியே போகும். சுழல்கிற பம்பரம் சாயாது. சுழல்கிற ரவையும் தலை சாயாமல் போகும்.

தலை சிறுத்துவிட்டால் ரவை குழலுக்குள்ளேயே தள்ளாடும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் தள்ளாடுவதால் குறியும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகப் போகும். தலை பெருத்துவிட்டால் காற்றின் விசையெல்லாம் அதைப் பிதுக்கித் தள்ளுவதிலேயே செலவாகிவிடும், ரவை வேகமில்லாமல் போகும். சில வேளை வெளியே வராமலே நின்றுவிடும். அந்தச் சங்கதியைப் பின்னால் சொல்கிறேன், அது ஆபத்தான சங்கதி.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். 4.5 மில்லிமீட்டர் என்பதைத்தான் 0.177 அங்குலம் என்றும் போடுகிறார்கள். இன்னொரு அளவு 5.5 மில்லிமீட்டர், அதாவது 0.22 அங்குலம். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பார்த்த உடனே தெரிந்துவிடும், சின்னது உதிர்ந்து போகும், பெரியது நுழையாது. சிக்கல் எங்கே என்றால், 4.5 என்பது அந்த வகைக்குப் போட்ட பொதுப் பெயர். நம் ஊரில் எல்லாரையும் ‘பிள்ளை’ என்று கூப்பிடுகிற மாதிரி. அந்தப் பெயருக்குள் ரவையின் தலை 4.48-ம் இருக்கலாம், 4.52-ம் இருக்கலாம். ஜெர்மனியிலிருந்து வருகிற சில பந்தய ரவை டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவைத் தனியாகவே அச்சடித்திருப்பார்கள். குழலும் அப்படித்தான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாதம் செய்தது என்றாலும் இரண்டு குழல்கள் அச்சாக ஒன்றுபோல இருப்பதில்லை. வரி வெட்டுகிற ஆயுதம் தேயத் தேய அளவு மாறிக்கொண்டே வரும். 0.02 மில்லிமீட்டர் என்பது நம் தலைமுடியின் கனம்கூட இல்லை. ஆனாலும் குழலுக்குள் அது பெரிய வித்தியாசம்.

இதில் எவ்வளவு கவனம் எடுக்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தாரே, அது 10 மீட்டர் ஏர் ரைபிள் பந்தயத்தில்தான். நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதே பந்தயம். அதில் குறி அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் மட்டுமே. அந்த அளவில் ஆடுகிறவர்கள் துப்பாக்கியை மேசையில் இறுக்கிப் பூட்டி வைத்து, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் ரவை போட்டுச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு எது சேருகிறதோ அந்தத் தொகுதி எண்ணையே மொத்தமாக வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அரை மில்லிமீட்டர் தேவையில்லை. எலித்தலை அளவு போதும். ஆனால் வழி அதே வழிதான்: கடைக்காரர் சொல்வதைக் கேட்டோ, விலையைப் பார்த்தோ முடிவு செய்யக்கூடாது. உங்கள் துப்பாக்கியிடமே கேட்கவேண்டும்.

எப்படிக் கேட்பது?

முதலில் இரண்டு மூன்று விதமான ரவையில் சின்ன டப்பாவாக ஒவ்வொன்று வாங்குங்கள். இலேசானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, கனமானது ஒன்று. 4.5 ரவை ஏறக்குறைய 0.45 கிராமிலிருந்து 0.65 கிராம் வரை கிடைக்கும். அரை கிராம் என்றால் பழைய கணக்கில் நாலு குன்றிமணி எடை. டப்பாவில் எடை போடவில்லை என்றால், பத்து ரவையை எண்ணி, தெரிந்த தட்டாரிடம் கொடுத்து அவருடைய தராசில் போடச் சொல்லுங்கள். கடையில் கேட்கும்போது "ஏர் ரைபிள் பெல்லட், 4.5" என்று தெளிவாகக் கேளுங்கள். ‘பாயின்ட் டூ டூ’ என்று மொட்டையாகச் சொன்னால் அது உரிமத் துப்பாக்கியின் தோட்டாவுக்கும் பெயர். வீண் குழப்பம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணாடித் துண்டைச் சமமாக வைத்து, ரவையைப் படுக்கப் போட்டு மெதுவாக உருட்டுங்கள். பாவாடை அகலம், தலை ஒடுக்கம் என்பதால் அது நேராக ஓடாது, அழகாக வளைந்து ஓடும். நல்ல ரவையெல்லாம் ஒரே வளைவில் ஓடும். பாவாடை நசுங்கினது குதித்துக் குதித்து ஓடும், அல்லது வேறு பாதையில் விலகும். அதையெல்லாம் எடுத்துப் போட்டுவிடுங்கள். ஈயம் மெத்தென்ற உலோகம். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வருவதற்குள்ளேயே அரை டப்பா நசுங்கிப் போவதும் உண்டு. டப்பாவுக்குள் மேலே ஒரு துண்டு பஞ்சு வைத்து மூடினால் குலுங்காது.

அடுத்தது பெருவிரல் சோதனை. குழலை மடக்கி, ரவையைத் தலை முன்னாலிருக்க வாயில் வைத்துப் பெருவிரலால் அமுக்குங்கள். தானாக விழுந்தால் தளர்ச்சி. நகத்தால் குத்தித் தள்ளியும் போகாமல் பாவாடை நசுங்கினால் இறுக்கம். மெதுவாக அமுக்கின உடனே போய், பாவாடை விளிம்பு குழல் வாயோடு சமமாக நின்றால், அது சேரக்கூடிய ரவை. மடக்கின குழலை ஒரு கையால் விடாமல் பிடித்துக்கொண்டுதான் இதைச் செய்யவேண்டும். கை தவறினால் ஸ்பிரிங் வேகத்தில் குழல் படாரென்று நிமிரும், விரல் போய்விடும்.

அதற்குமேல் இன்னும் நிச்சயமாகத் தெரியவேண்டுமானால் ஒரு கோல் சோதனை இருக்கிறது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். பூட்டு விழுகிற அளவுக்கு மடக்காமல், ரவை போடும் வாய் தெரிகிற அளவுக்கு மட்டும் மடக்கி ஒருவர் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் ரவையை வைத்து, பிசிர் இல்லாமல் சீவின மூங்கில் கோலாலோ பிளாஸ்டிக் கோலாலோ மெதுவாகத் தள்ளி, மறுமுனையில் ஈரத் துணியில் ஏந்த வேண்டும். சைக்கிள் கம்பி, குடைக்கம்பி எதையும் விடாதீர்கள், இரும்பு உரசினால் வரி கெட்டுவிடும். வெளியே வந்த ரவையை வெளிச்சத்தில் பாருங்கள். பாவாடையில் மட்டும் வரித்தடம் விழுந்து தலை வழவழவென்று இருந்தால் தலை சின்னது. தலையெல்லாம் ஆழமாகக் கீறி, பக்கத்தில் ஈயம் வழிந்திருந்தால் தலை பெரிது. தலையைச் சுற்றிலும் இலேசான தடம், பாவாடையில் தெளிவான தடம் என்று இருந்தால், வேறு யோசனையே வேண்டாம், அதை வாங்குங்கள். குழலுக்குள் வரியே இல்லாத மொட்டைக் குழல் துப்பாக்கியும் உண்டு. அதில் இந்தத் தடமெல்லாம் தெரியாது. பெருவிரல் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, நாலைந்து மீட்டருக்கு மேல் அதை நம்பாமல் இருப்பதே நல்லது. மண்டைக்காட்டுக் கொடைக்குப் போனால் பலூன் சுடுகிறோமே, அந்தக் கடைத் துப்பாக்கிகளில் பல இந்த ஜாதிதான். ஓயாமல் சுட்டுச் சுட்டுத் தேய்ந்தும் போயிருக்கும். அங்கே குறி தப்பினதற்கு நம் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசிச் சோதனை காகிதத்தில். 10 மீட்டர் அளந்து, பின்னால் மணல் நிரப்பின பெட்டியோ, பழைய துணி திணித்த சாக்கோ வைத்து, அதன்மேல் காகிதம் ஒட்டுங்கள். கல்சுவரில் வேண்டாம், ரவை திரும்பி வரும். தென்னைமரத்தில் ஆணி அடித்துக் காகிதம் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தென்னையில் காயம் பட்ட இடத்தை மோந்துகொண்டுதான் சிவப்புக் கூன்வண்டு வரும் என்று உங்களுக்கே தெரியும். எலியைப் பிடிக்கப் போய் வண்டைக் கூப்பிட்ட கதையாகிவிடும்.

உட்கார்ந்து, ஒரு மணல் மூட்டையின் மேல் உங்கள் கையை வைத்து, அந்தக் கையின் மேல் துப்பாக்கியைத் தளர்வாக வையுங்கள். துப்பாக்கியை நேரடியாக மூட்டையிலோ கட்டையிலோ வைத்தால் ஸ்பிரிங் துப்பாக்கி குதிக்கும், குறி மாறும். ஒரு ரவையை மாற்றி இன்னொன்று போடும்போது முதல் பத்துச் சுடுதலைக் கணக்கில் எடுக்காதீர்கள், குழல் புது ரவைக்குப் பழகவேண்டும். பிறகு ஐந்து ரவை, ஒரே புள்ளியைப் பார்த்துச் சுடுங்கள். ஐந்தும் புள்ளியில் படவேண்டும் என்பதில்லை. ஐந்தும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. புள்ளியிலிருந்து விலகியிருந்தால் குறிமுள்ளைத் திருப்பிச் சரி செய்துவிடலாம். சிதறியிருந்தால் எந்த முள்ளாலும் சரி செய்ய முடியாது.

அண்ணாச்சியின் விளையில் இப்படித்தான் செய்து பார்த்தோம். அவருடைய பழைய ரவை ஐந்தும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. நான் கொண்டுபோன இரண்டாவது டப்பாவில், பெருவிரலுக்கு இதமாகப் போன நடுத்தர எடை ரவை, ஒரு ரூபாய் நாணயத்துக்குள் ஐந்தும் அடங்கின. கனமான மூன்றாவது ரவை சேர்ந்துதான் விழுந்தது, ஆனால் நாணயத்தைவிடக் கொஞ்சம் பரந்து, நன்றாகக் கீழே இறங்கிவிட்டது. அவர் துப்பாக்கியின் விசைக்கு அது பாரம். அண்ணாச்சி காகிதத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் துப்பாக்கியில்லா ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

தளர்ந்த ரவையால் இன்னொரு கேடும் இருக்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கிப் பாருங்கள், பஞ்சு மெத்தையில் அமுக்குகிற மாதிரி எதிர்த்து நிற்கும். விரலை எடுத்துவிட்டு வேகமாக அமுக்குங்கள், டக்கென்று அடியில் போய் இடிக்கும். ஸ்பிரிங் துப்பாக்கிக்குள்ளும் இதே பம்புதான் இருக்கிறது. ரவை சரியாக அடைத்திருந்தால் பிஸ்டன் காற்று மெத்தையில் வந்து உட்காரும். ரவை தளர்ந்திருந்தால், அல்லது ரவையே போடாமல் வெறுமனே தட்டினால், பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும். வாஷர் கிழியும், ஸ்பிரிங் ஒடியும். அளவுக்கு மீறி இலேசான ரவையை வலுவான துப்பாக்கியில் போட்டாலும் இதுதான். "ரவை இல்லாமத்தானே தட்டுறான், விளையாடட்டும்" என்று பிள்ளைகள் கையில் கொடுக்கிறவர்கள் துப்பாக்கிக்கும் கெடுதல் செய்கிறார்கள், பிள்ளைகளுக்கும் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

சில பேர் ரவை விலையைப் பார்த்து, இரும்புக் குண்டு போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். அந்த உருண்டைக் குண்டு 4.5 குழலுக்குக் கொஞ்சம் சிறியது, அடைக்காது. ஈயம் போல வரியில் பதியாது, வரியைத்தான் தேய்க்கும். கெட்டியான எதில் பட்டாலும் அப்படியே தெறித்துத் திரும்பும். கண்ணுக்கு எமன் அது. வேண்டாம்.

இறுக்கமான ரவையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேனே, அது என் சொந்த வீட்டில் நடந்தது. பல வருஷம் ஆகிறது. ஒரு டப்பா வாங்கி வந்தேன். கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது. போகட்டும் என்று விரல் வலிக்க அமுக்கி அமுக்கிச் சுட்டேன். கடைசியாகச் சுட்டதற்குக் காகிதத்தில் ஓட்டை விழவில்லை. எங்கேயோ வெளியே போய்விட்டது என்று நினைத்துத் துப்பாக்கியைத் திண்ணைச் சுவரில் சாத்திவிட்டு வயலுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் அண்ணன் மகன், பத்து வயதுப் பையன், துப்பாக்கியை எடுத்து மடக்கியிருக்கிறான். குழல் வாயைப் பார்த்திருக்கிறான், காலியாகத்தான் தெரிந்திருக்கிறது. கிணற்றங்கரைப் பக்கம் நீட்டி விசையைத் தட்டியிருக்கிறான். நடுக்குழலில் சிக்கியிருந்த ரவை அந்தக் காற்றில் புறப்பட்டுப் போய், துவைக்கிற கல்லின் மேலிருந்த மண்பானையை உடைத்தது. மதினி பானையை அங்கே வைத்துவிட்டு அப்போதுதான் கயிறு எடுக்கத் திரும்பியிருந்தாள். பானை அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இதை மனதில் வையுங்கள். சுட்ட சத்தம் வழக்கம்போல இல்லாமல் அமுங்கிக் கேட்டாலோ, காகிதத்தில் ஓட்டை விழாவிட்டாலோ, ரவை குழலுக்குள்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழல் முனையில் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். குழலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ரவை போடும் பக்கத்திலிருந்து கோல் விட்டுத் தள்ளி வெளியே எடுங்கள். எடுத்த பிறகு அந்த டப்பாவில் இருந்து இன்னொன்றைப் போடாதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொந்தரவு கடற்காற்று. இராஜாக்கமங்கலத்திலும் துறைப் பக்கத்திலும் ஜன்னல் கம்பியே நாலு வருஷத்தில் பொரிந்து போகிறது, துப்பாக்கிக் குழல் எந்த மூலைக்கு? உள்ளே துரு ஏறினால் நேற்று வரை சேர்ந்த ரவை இன்றைக்குச் சேராது. வெளிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, துணிச் சுற்றி, காற்றுப் புகாத இடத்தில் வையுங்கள். குழலுக்குள் எண்ணெயை ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் விட்டு, "இப்பதான் நல்லா வெடிக்குது" என்று சந்தோஷப்பட்டவரை எனக்குத் தெரியும். அது நல்ல வெடி அல்ல. உள்ளே காற்று அமுங்கிச் சூடேறி, எண்ணெய் பற்றிக்கொள்கிறது. உங்கள் டீசல் பம்ப்செட்டுக்குள் நடக்கிற அதே காரியம். வாஷர் கருகும், ரவை தாறுமாறாகப் போகும். ரவை டப்பாவையும் ஈரம் படாமல் மூடிவைக்க வேண்டும். வெள்ளைப் பொடி பூத்த ரவையைக் குழலில் போடக்கூடாது.

அந்த வெள்ளைப் பொடியும் ஈயம், விஷம். ரவையை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. கண்டிப்பாகக் கூடாது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் எலும்பில் தங்கிவிடும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சுட்ட எலியைப் பூனைக்கோ கோழிக்கோ போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். ரவை ஏறின எலியைத் தின்கிற கூகைக்கும் அதே விஷம்தான். கூகை நமக்கு ஆள்கூலி வாங்காமல் ராத்திரி எலி பிடிக்கிற வேலைக்காரன்.

எதைச் சுடலாம் என்பதற்கும் வருகிறேன், ஏனென்றால் நல்ல ரவை கிடைத்து குறியும் சேர்ந்துவிட்டால் கை அரிக்கும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. வயலில் வந்து எவ்வளவு கொத்தினாலும் அதன்மேல் ரவை பட்டால் சிறைதான். கிளியும் காவலில் உள்ளதே. "காக்காயையும் வவ்வாலையும் சுடலாம், சட்டத்திலேயே இருக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் அவை தீங்கு செய்யும் பிராணிகள் என்று ஐந்தாம் அட்டவணையில் இருந்தது உண்மை. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்தப் பேச்சு இனி செல்லாது. பறவையை விரட்டவும் இந்தத் துப்பாக்கி உதவாது, இதில் வெடிச் சத்தம் கிடையாதே. பம்பாயில் ஒரு சிறுவன் விளையாட்டு ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுட்டுவிட்டு, அதன் தொண்டையில் மஞ்சள் திட்டைப் பார்த்து, இது என்ன குருவி என்று விசாரிக்கப் போனான். அந்தச் சிறுவன்தான் பின்னால் பறவை ஆராய்ச்சியில் பேர் பெற்ற சாலிம் அலி. 1933-ல் நம் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தவரும் அவரே. நம் பிள்ளைகள் குருவியைச் சுடாமலேயே அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

மிஞ்சுவது எலி. அதையும் திண்ணையில், களத்தில், பின்னால் மண்ணோ மரப்பலகையோ இருக்கிற இடத்தில், 10 மீட்டருக்குள் சுடுங்கள். தென்னை மண்டையில் கருக்கு குடைகிற எலியை அண்ணாந்து சுடாதீர்கள். தப்பின ரவை 300 மீட்டருக்கும் மேலே போய் யார் வீட்டு முற்றத்திலோ விழும். மரத்து எலிக்குத் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தைத் தடியைச் சுற்றிக் கட்டுவதுதான் மருந்து. ஓலையோடு ஓலை உரசாத மரமாக இருந்தால் நன்றாகக் கேட்கும்.

உரிமம் வேண்டுமா என்று கேட்பீர்கள். 2016 ஆயுத விதிகளின்படி விசை 20 ஜூலுக்கு மிகாமலும், குழல் துளை 0.177 அங்குலத்துக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. அரை கிராம் ரவை விநாடிக்கு 283 மீட்டர் வேகத்தில் போனால்தான் 20 ஜூல் வரும். எலிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. விசை கூட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகளை நம்பி ஸ்பிரிங்கை மாற்றாதீர்கள். தாத்தா காலத்து 5.5 துப்பாக்கி ஏதாவது பரணில் கிடந்தால், சுடுவதற்கு முன்னால் காவல் நிலையத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேருகிற ரவையைக் கண்டுபிடித்தவுடன் டப்பாவின் பெயர், எடை, தலை அளவு, தொகுதி எண் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கி உறையிலேயே போட்டுவையுங்கள். அதே தொகுதியில் இரண்டு டப்பா சேர்த்து வாங்குங்கள்.

அண்ணாச்சி சீட்டை எழுதி முடித்துவிட்டு, முக்கால் டப்பா மிச்சமிருந்த பழைய ரவையைக் காட்டி, "இத என்ன செய்ய? கடல்ல கொண்டு போடவா?" என்று கேட்டார். பக்கத்து விளையில் அவர் சித்தப்பா மகனிடமும் ஒரு துப்பாக்கி உண்டு, அதே கம்பெனி, அதே மாடல். ஆள் அனுப்பி அதை வாங்கிவரச் சொன்னோம். அண்ணாச்சி துப்பாக்கியில் வழுக்கி விழுந்த அதே ரவை, அந்தக் குழலில் பெருவிரலுக்கு இதமாகப் போய் விளிம்போடு விளிம்பாக நின்றது. காகிதத்தில் ஐந்தும் ரூபாய் நாணயத்துக்குள். டப்பாவை மூடி, அந்தத் துப்பாக்கியோடேயே கட்டித் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.